மார்ச் 11, வியாழக்கிழமைத் தாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பரணிலிருந்து வந்தது. போன டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி பறந்துபோனது. பரணில் இருந்த காகிதம் மொத்தமும் ஊறிக் கூழாகிவிட்டது. பிரசுரமான கதைகள், பிரசுரமாகாத கதைகள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்து நோட்டுகள், எல்லாம் ஒரே கூழ். தப்பித்தது ஒரு கட்டு பிளாஸ்டிக் தாள் மட்டும். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும் தாள்கள். ஒவ்வொன்றிலும் அழியாத மையில் ஒரு கோணல் வட்டம், மூலையில் ஒரு எண், ஒரு தேதி. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் இருந்த புண்களின் ஓரத்தை நான் என் கையால் வரைந்தெடுத்த தாள்கள் அவை. என் கதைகளெல்லாம் போய்விட்டன, இவை போகவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

பிப்ரவரியில் ஒரு போன் வந்தது.

"பாப்பா, நான் அமராவதி பேசுறேன். பிச்சாவரத்துப் பக்கம். கால் கட்டுக்கு வருவமே, ஞாவகம் இருக்குதா? பொயல்ல ஒங்க வூட்டுக் கூரை போச்சின்னாங்க. அந்தத் தாளுங்கள்லாம் இருக்குதா, அதுவும் போச்சா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவதாக அவர் கத்தியதுகூடத் தெளிவாகக் கேட்டது. இன்று வெள்ளி. அதற்குள் என்ன பதில் சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இலக்கியச் சேவை எல்லாம் கிடையாது.

2

தொடக்கங்கள்:

"சுரபுன்னைக் காட்டுக்கு நடுவே மெல்ல விடிந்துகொண்டிருந்தது. சின்னையன் துடுப்பை—"

வேண்டாம். பிச்சாவரம் என்று எழுதினாலே பேனா தானாகப் படகில் ஏறிக்கொள்கிறது. நான் அறிந்த சின்னையன், அமராவதியின் கணவர், எந்த விடியலிலும் துடுப்புப் போடவில்லை. அவர் விசைப்படகுக்காரர், அதுவும் அந்த வருஷம் புண் வந்த காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார்.

"ரத்தம் என்பது உறவு. ரத்தம் என்பது—"

இதை எழுதியவளை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

"நீரிழிவு நோயில் பாதத்தின் நரம்புகள் உணர்விழப்பதால் காயங்கள் கவனிக்கப்படாமல்—"

இது கால் புண் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் பாலகுமாருக்கு நான் எழுதிக்கொடுத்த தமிழ். நோயாளிகளின் ஒப்புதல் படிவத்துக்காக. நாலு பக்கம் மொழிபெயர்த்தேன். இருபத்துநாலு பேரில் ஒருவர்கூட இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. "எங்க கையெழுத்துன்னு மட்டும் காட்டு பாப்பா, பஸ்ஸு போயிடும்."

ஆக, தொடக்கம் இல்லாமலே போகிறேன்.

3

விஷயம் இதுதான். 2010 பிப்ரவரியில் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் [சிதம்பரத்தில் போய்த் தேடாதீர்கள். மூன்று மாடி, ஓடாத லிஃப்ட், வாசலில் இளநீர் வண்டி எல்லாம் இந்தக் கதைக்காக நான் கட்டியவை] ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். ஆறாத கால் புண்ணுக்கு நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே மருந்து. இருபது மில்லி ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றி இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே வெளிர்மஞ்சளாக ஒரு நீர் நிற்கும். புண்ணை ஆற்றும் தட்டணுக்கள் அதில்தான் அதிகம். அதில் ஒரு மருந்தைச் சேர்த்தால் நுங்கு மாதிரி உறையும். அதைப் புண்ணில் வைத்துக் கட்டிவிடுவார்கள். அடுத்த வியாழன்வரை பிரிக்கக் கூடாது.

பன்னிரண்டு பேருக்கு இந்த ரத்தக் கட்டு. இன்னொரு பன்னிரண்டு பேருக்கு வழக்கமான உப்புநீர்க் கட்டு. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும்; உறையைப் பிரிக்கும்வரை டாக்டருக்கே தெரியாது. வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டால் மருந்து வேலை செய்ததா, தயவு வேலை செய்ததா என்று தெரியாது அல்லவா? அதற்காக.

என் வேலை அளப்பது. புள்ளியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன், வயது இருபத்துநாலு. வியாழன்தோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறுவேன். செம்மங்குப்பம் தாண்டும்வரை ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்குத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகேஸ்வரி கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்ததும், தாளை அதன்மேல் வைத்து ஓரத்தை வரைவேன். பிறகு அதை வரைபடத் தாள்மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுவேன். ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். எண்ணூறு, தொள்ளாயிரம் கட்டம் எண்ணுவது என்ன சுகம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாரா வாரம் கட்டம் குறைய வேண்டும். குறைந்தால் கால் பிழைக்கும்.

புதுக்கட்டு போட்டதும் இன்னொரு வேலை உண்டு. பிளாஸ்திரியின் ஓரத்தில், பாதி பிளாஸ்திரியிலும் பாதி தோலிலும் படும்படி, பேனாவால் தேதி எழுதுவேன். வீட்டில் யாராவது பிரித்து ஒட்டினால் எழுத்து பொருந்தாது. இந்த யோசனை என்னுடையதுதான். டாக்டர் பாராட்டினார். நானும் பூரித்துப்போனேன்.

4

இப்போது பாத்திரங்கள். ஒன்பதாம் உறை சின்னையன், ஐம்பத்துநாலு வயது. பத்தாம் உறை பச்சமுத்து, நாற்பத்தொன்பது. ஒரே படகில் போகிறவர்கள். பச்சமுத்துவின் அக்காள் அமராவதியைக் கட்டியவர் சின்னையன். மாமனுக்கும் மச்சானுக்கும் ஒரே வருஷத்தில், ஒருவருக்கு இடது பாதத்தில், ஒருவருக்கு வலது பாதத்தில் புண். [ஓர் ஆசிரியராக எனக்கே இது நம்பும்படி இல்லை. ஆனால் அளந்தவள் நான்.] பஸ் நிலையத்திலிருந்து இருவரையும் ஒரே ஆட்டோவில் அழைத்துவந்து, படிக்கட்டில் ஒருவர் மாற்றி ஒருவராகத் தாங்கி ஏற்றுகிறவர் அமராவதி.

பச்சமுத்துவின் புண்தான் மோசம். முன்பு பார்த்த ஒரு சர்ஜன் கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு வாரம் பார்ப்போம் என்று பாலகுமார்தான் நிறுத்தி வைத்திருந்தார். சின்னையனின் உறையில் ரத்தக் கட்டு வந்தது. பச்சமுத்துவின் உறையில் உப்புநீர்.

"உப்புத் தண்ணியா?" என்றார் பச்சமுத்து. "ஏங்க, கடல உட்டுட்டு ரெண்டு பஸ்ஸு ஏறி வந்து உப்புத் தண்ணியிலயா கட்டுப் போட்டுக்கணும்?"

"இது சுத்தமான உப்புத் தண்ணிங்க."

"அப்ப எங்க கடலு அசிங்கமா?"

மகேஸ்வரி சிரித்துவிட்டார். அமராவதி சிரிக்கவில்லை. கணவரின் காலில் வைத்த மஞ்சள் உறைவையும் தம்பியின் காலில் வைத்த ஈரத் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம் பாப்பா, சீட்டை மாத்திக் குடுக்க முடியாதா?" முடியாது என்றேன். "ரெண்டு பேருக்கும் அதுவே வச்சா என்னா?" அதுவும் முடியாது என்று படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

இந்த அமராவதியை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. "ஏழை மீனவப் பெண், கள்ளங்கபடமற்ற—" என்று ஒரு வரி எழுதினேன். கள்ளமும் உண்டு, கபடமும் உண்டு. படகுக்கு ஆள் சேர்ப்பதிலிருந்து வலை பிரிப்பதுவரை அந்தத் தெருவில் அவர் சொல்தான். இரண்டு ஆண்களும் கடலுக்குப் போகாத அந்த மாதங்களிலும் வீட்டுக்கு மீன் வருகிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"வராம? போட்டுல போறவனுக்கு ஒரு பங்குன்னா, ஒடம்பு முடியாம கரையில கெடக்கறவனுக்கும் ஒரு பங்கு. எங்க தெருவுல அப்பிடித்தான். இவுரு எத்தினி பேருக்குக் குடுத்தவரு!"

நான் தலையை ஆட்டினேன். குறிப்பு நோட்டில்கூட எழுதவில்லை. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்கிறேன்!

5

மாசி மகம் அந்த வருஷம் பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும் நாள். பச்சமுத்து கட்டுக் காலோடு கடலில் இறங்கி முங்கியெழுந்தார்.

வியாழக்கிழமை, அதாவது மார்ச் 4, காய்ச்சலோடு வந்தார். கால் வீங்கியிருந்தது. டாக்டருக்குக் கோபம்.

"யார் உங்கள கடல்ல எறங்கச் சொன்னது?"

"நீங்களும் உப்புத் தண்ணிதான சார் வைக்கிறீங்க?"

டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, ஒரு வாரம் கெடு வைத்தார். அடுத்த வியாழனுக்குள் வீக்கம் இறங்காவிட்டால் கணுக்காலோடு எடுத்துவிடுவது. சின்னையனுக்கு வழக்கம்போல ரத்தம் எடுத்து, சுற்றி, உறைய வைத்துக் கட்டினார்கள். நான் இரண்டு பிளாஸ்திரியிலும் தேதி எழுதினேன். அமராவதி சின்னையனின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன், மார்ச் 11, பச்சமுத்துவின் வீக்கம் வடிந்திருந்தது. எல்லோரும் மருந்துக்கு நன்றி சொன்னோம். சின்னையனின் புண்ணை வரைந்தேன், எண்ணினேன், பதிவேட்டில் எழுதினேன். என்ன எண் எழுதினேன் என்பது நினைவில் இல்லை. இருபத்துநாலு பேர், பன்னிரண்டு வாரம், யாருக்கு நினைவிருக்கும்? பதிவேட்டிலிருந்து நான் எடுத்துவைத்த நகல் இப்போது பரணில் கூழாக இருக்கிறது.

6

மார்ச் 18. பச்சமுத்துவின் புண் தொள்ளாயிரத்துப் பத்தில் ஆரம்பித்தது. அன்று நானூற்று இருபது. இந்த எண் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. உப்புநீர்க் கட்டுக்காரர்களில் யாருக்கும் இப்படி இறங்கவில்லை.

"அருள்மொழி, சரியா எண்ணினீங்களா?" என்றார் டாக்டர். மறுபடி எண்ணினேன். நானூற்றுப் பதினெட்டு. "உப்புத் தண்ணியே இவ்ளோ நல்லா வேலை செய்யுதா!" என்று மோவாயைத் தடவிக்கொண்டு போனார்.

அப்போதுதான் குப்பைக் கூடையில் கிடந்த பழைய பிளாஸ்திரிகளைக் குனிந்து பார்த்தேன். சின்னையனுடையதில் நான் எழுதிய தேதியின் ஓரம், தோலிலிருந்த மை மறுபடி ஒட்டி, இரண்டாகத் தெரிந்தது. பச்சமுத்துவுடையதிலும் அப்படித்தான். பிரித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் நான் பார்க்கவே இல்லை. தேதி எழுதுவதில் காட்டிய அக்கறையை அதைத் திரும்பப் படிப்பதில் காட்டவில்லை.

மூவரையும் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வீட்ல கட்ட பிரிச்சீங்களா?"

பச்சமுத்து இளநீரைப் பார்த்தார். அமராவதி முந்தானையைச் சரிசெய்தார். சின்னையன்தான் நிதானமாகச் சொன்னார்.

"பிரிச்சோம் பாப்பா. பாதியை எடுத்து மச்சான் கால்ல வச்சோம். மொத வாரத்துலேர்ந்தே."

"ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் புண்ணுல வைக்கலாமா? ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஒண்ணும் ஆவலியே. ஆறிகிட்டுத்தான வருது?"

"உங்க மருந்து குறைஞ்சுடுமே! உங்க கால் என்ன ஆறது?"

"என் ரத்தம், என் பங்கு. கரையில கெடக்கற மச்சானுக்குக் குடுக்காம நான் மட்டும் வச்சிக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போட்டுல ஏர்றது?"

அது மீன் இல்லை, இது ஆராய்ச்சி என்றேன். உங்களால் கணக்கே தப்பாகிவிடும், ரத்தக் கட்டும் உப்புநீரும் ஒன்றுதான் என்று முடிவு வரும், நாளைக்கு வேறு யாருக்கும் இந்த மருந்து கிடைக்காமல் போகும் என்றேன். பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அமராவதி கேட்டார்:

"டாக்டருகிட்ட சொல்லிட்டா என்னா செய்வாரு?"

"ரெண்டு பேரையும் ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடுவாரு."

"அப்ப மருந்து?"

"நின்னுடும்."

"அப்ப தம்பி காலு?"

7

இந்த இடத்தில் கதையை மூன்று விதமாகக் கொண்டுபோகலாம்.

(அ) நான் மாடியேறிப் போய் டாக்டரிடம் சொல்கிறேன். இருவரும் நீக்கப்படுகிறார்கள். ஆராய்ச்சி சுத்தமாகிறது. பச்சமுத்துவின் கால் போகிறது. அல்லது போகாமலும் இருக்கலாம்.

(ஆ) நான் சொல்கிறேன். டாக்டர் பெருமூச்சு விட்டு, "சரி, ரெண்டு பேருக்குமே வச்சிடலாம்" என்கிறார். [அப்படி டாக்டர்கள் இருக்கிறார்கள். பாலகுமாரேகூட அப்படிச் செய்திருக்கலாம். நான் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றுவரை அறுக்கிறது.]

(இ) நான் சொல்லவில்லை.

நடந்தது (இ). "இனிமே பிரிக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். "சரி பாப்பா" என்றார்கள் மூவரும், ஒரே குரலில். அந்த "சரி"யை நான் நம்பினேனா? அடுத்த வியாழனிலிருந்து பிளாஸ்திரியில் தேதி எழுதுவதை நிறுத்திவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் நிறுத்தினேன். ஏன் எழுதவில்லை என்று மகேஸ்வரி கேட்டதற்கு, பேனா தோலில் அலர்ஜியாகிறது என்றேன்.

இதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ வையுங்கள். இரக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பற்றிக்கொண்டு வருகிறது.

8

மே மாதம் பச்சமுத்துவின் புண் மூடிவிட்டது. ஜூனில் அவர் படகேறினார்.

சின்னையனின் புண் பாதிவரை வந்து நின்றது. ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு வாரமும் முடிந்து, ரத்தக் கட்டும் முடிந்தது. ஜூலையில் எலும்பில் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆராய்ச்சி முடிவை டாக்டர் தட்டச்சு செய்யச் சொன்னார். இரண்டு கட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. "ஒரே ஒரு பேஷன்ட் அந்தப் பக்கம் சாஞ்சிருந்தாக்கூட முடிவு வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார். ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்தேன். ரத்தம் சுற்றிய அந்த இயந்திரம் இப்போது இரண்டாம் மாடியில் தோல் பிரிவில் இருக்கிறது. வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைக்கிறார்கள்.

சின்னையனை வார்டில் பார்க்கப் போனேன். "குடுத்தது குடுத்ததுதான் பாப்பா. மச்சான் போட்டுல போறான், பங்கு வூட்டுக்கு வந்துடும்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்! வெளியே வராந்தாவில் அமராவதி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஒண்ணு சொல்றேன். அவுருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. மாசி மகத்து வாரம், தம்பிக்குக் காச்ச வந்துதே, டாக்டரு கெடு வச்சாரே. அந்த வாரம் நான் பாதி வைக்கல. மொத்தத்தையும் வழிச்சித் தம்பி கால்ல வச்சிட்டேன். அவுரு காலுக்கு வெறுந்துணிய வச்சி ஒட்டிட்டேன்."

என் கையை அவர் விடவில்லை.

"அந்த ஒரு வாரத்துலதான் அவுரு காலு கெட்டுச்சா? நீ கட்டம் எண்ற ஆளு. ஒனக்குத் தெரியும்ல?"

"ஒரு வாரத்தை வச்சி அப்படில்லாம் சொல்ல முடியாதும்மா."

"பெருசாச்சா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"தாளெல்லாம் என்கிட்டதான் இருக்கு. பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்து வந்தேன். வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம். குப்பைக்குப் போகவிருந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒன்றரை வருஷமாகப் பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை. அவரும் கேட்கவில்லை, புயலுக்கு அப்புறம்தான் கேட்கிறார். தாள் அழிந்துபோயிருந்தால் கேள்வியும் தீர்ந்துவிடும் என்ற ஆசையாக இருக்கலாம். இல்லை, அழிந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். அவர் மனசு எனக்குத் தெரியாது என்று நாலாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

9

வெள்ளி போய்விட்டது. சனி சாயங்காலம். இன்னும் முடிவு இல்லை.

"போச்சும்மா, புயல்ல எல்லாம் போச்சு" என்று சொல்லலாம். ஒரே வரி, ஊரே நம்பும். அமராவதி ஆயுசு முழுக்க ஒரு கேள்வியோடு இருப்பார். "இருக்கும்மா, பாத்தேன், பெருசாகல" என்றும் சொல்லலாம், பார்க்காமலே. அல்லது பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லலாம். பெரிதாகியிருந்தால்? கணவரின் ஒரு காலைத் தான்தான் எடுத்தோம் என்று அவர் தினமும் அந்த ஆளுக்குச் சோறு போட வேண்டும். சின்னதாகியிருந்தால்? ஒன்றரை வருஷம் அவரை வீணாக வதைத்தவள் நான்.

பார்ப்பது ரொம்பச் சுலபம். கட்டம்கூட எண்ண வேண்டாம். ஒன்பதாம் எண், மார்ச் 4 தாளைக் கீழே வைத்து, மார்ச் 11 தாளை அதன்மேல் வைத்தால் போதும். ஒரு வட்டத்துக்குள் இன்னொன்று அடங்குகிறதா, வெளியே வழிகிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதனால்தான் ஒன்றை மேஜைமேலும் ஒன்றைக் கட்டில்மேலும் வைத்திருக்கிறேன்.

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இரண்டையும் நீங்களே எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நாளை போன் அடித்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். உண்மையோ பொய்யோ, உங்கள் இஷ்டம். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

ஏன் உனக்கு இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். அமராவதி கேட்பது ஒரே ஒரு வாரத்துத் தாளை. அந்த வாரத்துக்குத்தான் அவர் பொறுப்பு. நான் பிளாஸ்திரியில் தேதி எழுதுவதை நிறுத்திய பிறகு இன்னும் ஆறு வியாழக்கிழமைகள் வந்தன. அந்த ஆறு தாள்களும் இந்தத் தாள் கட்டுக்குள்தான் இருக்கின்றன. அவற்றை இதுவரை யாரும் கேட்கவில்லை.